டயாலிசிஸ் நோயாளிகளின் ஆயுளும் வளர்ச்சி இயக்குநீரும்: சேலம், நாமக்கல் பின்னணியில் ஒரு வரலாறு

வளர்ச்சி இயக்குநீர் என்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். குழந்தைகளின் எலும்பை நீளச் செய்வது இதன் வேலை என்று பலரும் அறிவர். வளர்ந்தவர்களின் உடலில் இது தசையைக் காக்கிறது. பெரும்பாலும் இது நேரடியாகச் செயல்படுவதில்லை. கல்லீரலைத் தூண்டி, 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1' என்ற இன்னொரு புரதத்தை இரத்தத்தில் விடச் செய்கிறது. சுருக்கமாக ஐஜிஎஃப்-1 எனப்படும் இப்புரதமே தசைக்கும் எலும்புக்கும் கட்டளையைக் கொண்டு செல்கிறது.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்களிடம் ஐஜிஎஃப்-1 குறைவாக இருந்தால், அவர்கள் விரைவில் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த எண்ணைச் சுரப்பிக் குறைபாட்டின் அடையாளமாக மட்டும் படித்தால் தவறிவிடும். அது பெரும்பாலும் உடலின் பட்டினியையும் ஓயாத அழற்சியையும் சொல்கிறது. ஆகவே இதன் வரலாறு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. நோயாளி என்ன சாப்பிட்டார், எவ்வளவு தொலைவு பேருந்தில் போனார், வாரம் எத்தனை முறை இயந்திரம் கிடைத்தது என்பதெல்லாம் அதற்குள் வருகிறது. ஜவ்வரிசிக்குப் பெயர்பெற்ற சேலமும், முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும், இரண்டுக்கும் அப்பால் காவிரிக்கரையில் இருக்கும் விசைத்தறி ஊர்களும் இந்த வரலாற்றைப் படிக்க நல்ல இடங்கள்.

இயந்திரத்தின் தொடக்கம்

நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, முதல் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதருக்குப் பயன்படுத்தினார். தொத்திறைச்சிக்கு உறையாகும் செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்தனர். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் இந்த இயந்திரத்தால் பிழைத்தார். அவருக்கு வந்திருந்தது தற்காலிகச் செயலிழப்பு. சிறுநீரகம் தானாகத் தேறும்வரை உயிரைப் பிடித்து வைத்தால் போதுமானதாக இருந்தது.

நிரந்தரச் செயலிழப்புக்கு வழி பிறந்தது 1960இல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் இணைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயை வெட்டும் தேவையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்து, 1971இல் மாரடைப்பால் இறந்தார். 1966இல் பிரெசியாவும் சிமினோவும் கையில் அறுவைசெய்து தமனியைச் சிரையோடு நேரே இணைக்கும் முறையை வெளியிட்டனர். இன்று டயாலிசிஸ் நோயாளிகள் 'பிஸ்டுலா' என்று சொல்லித் தொட்டுக்காட்டும், அதிர்வு தெரியும் அந்தப் புடைப்பு இதுதான்.

சியாட்டிலில் இயந்திரங்கள் குறைவாகவும் நோயாளிகள் அதிகமாகவும் இருந்தனர். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய, பொதுமக்களில் சிலரைக் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. வேலை, குடும்பம், திருச்சபை ஈடுபாடு ஆகியவற்றை எடைபோட்டு அக்குழு உயிருக்கு வரிசை போட்டது 1962இல் இதழ் ஒன்றில் வெளிவந்தபோது அமெரிக்காவில் பெரும் விவாதம் எழுந்தது. 1972இல் அந்நாட்டு அரசு டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு குழு தேவைப்படவில்லை. கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதே அந்தக் குழுவின் வேலையைச் செய்தது.

வேலூர்ப் பாதை

தமிழ்நாட்டில் சிறுநீரக மருத்துவத்தின் தொடக்கம் பெரும்பாலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. 1960களில் அங்கு டயாலிசிஸ் வந்தது. 1971இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. சேலத்திலிருந்து வேலூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வாரம் இரண்டு மூன்று முறை செய்யவேண்டிய சிகிச்சைக்கு அத்தொலைவைக் கடப்பது நடக்காத காரியம். வேலூரிலோ சென்னையிலோ வாடகைக்கு வீடெடுத்துத் தங்க முடிந்தவர்களுக்கே டயாலிசிஸ் என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது.

அன்றைய இந்திய மருத்துவர்கள் டயாலிசிசைப் பல ஆண்டு வாழ்வதற்கான சிகிச்சையாகக் கருதவில்லை. மாற்று அறுவை நடக்கும்வரை தாங்கும் பாலமாகவே பார்த்தனர். சிறுநீரகம் தர உறவினர் இல்லாத குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் விற்றுச் சில மாதம் செய்துவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டன. வாரம் மூன்று என்ற உலக வழக்கமும் இங்கு வாரம் இரண்டு என்று சுருங்கியது. ஆகவே 'டயாலிசிஸ் நோயாளியின் ஆயுளை எது தீர்மானிக்கிறது' என்ற கேள்வி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வுப் பொருளாகிக் கொண்டிருந்த காலத்தில், சேலம் வட்டாரத்தில் அதைக் கேட்கவே போதிய நோயாளிகள் உயிரோடு இல்லை. 2015இல் லான்செட் இதழில் வெளியான ஒரு கணக்கு இந்த நிலையின் அளவை உலக அளவில் காட்டியது. 2010இல் உலகெங்கும் ஏறத்தாழ 26 லட்சம் பேர் டயாலிசிசோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று வாழ்ந்தனர், குறைந்தது 22.8 லட்சம் பேர் அது கிடைக்காமல் இறந்திருக்கக்கூடும். அவர்களில் பெரும்பகுதி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தவர்கள்.

பாக்கி

டயாலிசிசில் நீண்ட நாள் வாழ முடியாது என்ற நிலை, மாற்றுச் சிறுநீரகத்துக்கான தேவையைப் பெருக்கியது. 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின், இரத்த உறவு இல்லாதவரின் சிறுநீரகமும் உடலில் தங்கியது. அதோடு விற்பனையும் தொடங்கிவிட்டது. சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் வந்தது அக்காலத்தில்தான். 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இவ்வணிகத்தைக் குற்றமாக்கியது.

விற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான அந்த ஆய்வில் சிறுநீரகம் விற்ற 305 பேர் விசாரிக்கப்பட்டனர். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின்னர் அவர்களின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் கடனோடுதான் நீடித்தனர். தம்மைப் போன்ற நிலையில் இருக்கும் ஒருவருக்கு விற்பனையைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 79 விழுக்காட்டினர் கூறினர்.

சட்டம் வந்தபின் அணிவகுப்பு சென்னையிலிருந்து நகர்ந்ததே ஒழியக் கலையவில்லை. நாமக்கல் மாவட்டத்தின் மேற்கெல்லையில், காவிரிக்கு அக்கரையில் ஈரோடும் பவானியும் தெரியும்படி அமைந்தவை பள்ளிபாளையமும் குமாரபாளையமும். இவ்வூர்களின் விசைத்தறித் தொழிலில் வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்கும் வழக்கம் உண்டு. 'பாக்கி' என்பது அதன் பெயர். மானிடவியலாளர் ஹேர்ட் டி நேவ் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார். பாக்கியை அடைக்காமல் தறியை மாற்ற முடியாது. வேறொரு முதலாளி அதை அடைத்தால் கடன் இடம் மாறும், தீராது. இப்படிப்பட்ட கடனில் இருப்பவரிடம் தரகர் வந்து பேசுவது எளிது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதித் தொழிலாளர்களிடமிருந்து தரகர்கள் வழியாகச் சிறுநீரகம் பெறப்பட்டதாகப் புகார் எழுந்து மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆகஸ்டில் சிறப்புப் புலனாய்வுக்கு ஆணையிட்டது.

டயாலிசிசிலேயே ஒருவர் பத்து, பதினைந்து ஆண்டு நல்ல உடலோடு வாழ முடியுமானால் இந்தச் சந்தையின் நெருக்கடி பெருமளவு தளரும். அதனால்தான் 'இயந்திரத்தில் இருப்பவர் ஏன் இறக்கிறார்' என்ற ஆய்வுக் கேள்விக்கு இந்த ஊர்களிலும் விலை உண்டு.

இயக்குநீரின் கதை

1957இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சால்மன், டாகடே என்ற இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். குருத்தெலும்பைச் சோதனைக் குழாயில் இட்டு அதன்மீது வளர்ச்சி இயக்குநீரைச் சேர்த்தால் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. வளர்ச்சி இயக்குநீர் செலுத்தப்பட்ட எலியின் இரத்த நீரைச் சேர்த்தால் குருத்தெலும்பு சல்பேட்டை உறிஞ்சி வளரத் தொடங்கியது. நடுவே ஏதோ ஒரு தூதுவன் இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அத்தூதுவன் 1972இல் சொமாட்டோமெடின் என்று பெயர் பெற்றது. 1978இல் ரிண்டர்க்னெக்ட், ஹும்பல் ஆகியோர் சூரிச்சில் அதன் அமினோ அமில வரிசையைக் கண்டு, அது இன்சுலினை ஒத்திருப்பதைக் காட்டினர். ஐஜிஎஃப்-1 என்ற இன்றைய பெயர் அங்கிருந்து வந்தது.

ஆய்வாளர்களுக்கு இது ஒரு நடைமுறைச் சிக்கலையும் தீர்த்தது. வளர்ச்சி இயக்குநீர் நாள் முழுவதும் சீராகச் சுரப்பதில்லை. உறக்கத்தில் பீறிடும், பிறகு அடங்கிவிடும். ஒருமுறை எடுத்த இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஐஜிஎஃப்-1 நாளெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிம்ஸ்டோன் குழுவினர் புரதப் பற்றாக்குறையால் வீங்கிய குழந்தைகளை ஆராய்ந்தனர். குவாஷியோர்கர் எனப்படும் அந்நோயில் வளர்ச்சி இயக்குநீர் குறைவாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். 1966இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது: இயக்குநீர் ஏகமாக ஏறியிருந்தது. பின்னர் அதே வகைக் குழந்தைகளில் சொமாட்டோமெடின் மிகக் குறைந்திருப்பதும் தெரிந்தது. பிட்யூட்டரி கத்திக்கொண்டே இருக்கிறது, கல்லீரல் கேட்பதில்லை. உணவு வராதபோது உடம்பு வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இது. புரதமும் கலோரியும் கிடைத்தவுடன் ஐஜிஎஃப்-1 மீண்டும் ஏறும்.

சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட இதே படம் தெரிந்தது. அவர்கள் வளராமல் குட்டையாகவே நின்றனர். ஆனால் அவர்கள் இரத்தத்தில் வளர்ச்சி இயக்குநீர் குறையவில்லை, கூடியிருந்தது. காரணங்கள் மெல்லத் தெளிவாயின. கழிவுகள் தேங்கிய உடலில் செல்கள் இயக்குநீரின் சைகைக்கு மந்தமாயின. இருந்த ஐஜிஎஃப்-1 கூடச் சிறுநீரகம் வெளியேற்றாத கட்டுப்புரதங்களில் சிக்கிப் பயனற்றுப் போனது. இரத்தத்தின் அமிலத்தன்மையும் அழற்சியும் மேலும் அழுத்தின. மிகையான அளவில் ஊசி போட்டால் இந்த மந்தத்தைத் தாண்டலாம் என்று குழந்தை மருத்துவர்கள் முயன்று வென்றனர். 1993இல் நாட்பட்ட சிறுநீரகக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மரபணு முறையில் தயாரித்த வளர்ச்சி இயக்குநீர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வளர்ந்தவர்களிடம் கேள்வி உயரம் அல்ல, உயிர். 1990இல் லோரி, லூ ஆகிய இருவர் 12,000க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் வழக்கமான இரத்தச் சோதனைகளை அலசி ஓர் அறிக்கை வெளியிட்டனர். யூரியா எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அல்புமின் என்ற சாதாரண இரத்தப் புரதத்தின் அளவே மரணத்தை முன்னறிவித்தது. இரத்தத்தைக் கழுவுவது மட்டும் போதாது என்பதை அந்தக் கண்டுபிடிப்பு உணர்த்தியது. 2008இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று இந்த உருகலுக்கு 'புரத ஆற்றல் தேய்வு' என்று பெயரிட்டு வரையறை தந்தது. 2014இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் டயாலிசிஸ் தொடங்கும் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, ஐஜிஎஃப்-1 குறைந்தவர்களிடம் தசைத் தேய்வும் மரணமும் கூடுதல் என்று எழுதினர்.

ஊசியால் ஏற்ற முடியுமா?

எண் குறைந்தால் ஆபத்து என்றால் எண்ணை ஏற்றினால் ஆபத்து நீங்குமா? இந்த எளிய கேள்விக்கு மருத்துவம் அதிக விலை கொடுத்துள்ளது. 1999இல் தாகலா தலைமையிலான குழு ஐரோப்பாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு வளர்ச்சி இயக்குநீர் அளித்த இரு ஆய்வுகளின் முடிவை வெளியிட்டது. தசையைக் காக்கும் என்று நம்பிப் போட்ட ஊசி மரணத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கியிருந்தது. அவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள் அல்லர். ஆயினும் அந்த முடிவு எல்லோரையும் எச்சரித்தது.

அதற்குப் பின்னும் அமெரிக்க மருத்துவர் ஜோயல் காப்பிள் தலைமையில் அல்புமின் குறைந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கான பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 2,500 பேரைச் சேர்ப்பது திட்டம். 712 பேர் சேர்ந்த நிலையில், ஆள் சேர்ப்பு மந்தமானதால் நிறுத்தப்பட்டது. ஊசி ஆயுளைக் கூட்டுகிறதா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. 2011இல் வெளிவந்த அதன் அறிக்கை, பதில் சொல்லாத கேள்வியாகவே அந்த முயற்சியை முடித்து வைத்தது. வளர்ந்த டயாலிசிஸ் நோயாளிக்கு வளர்ச்சி இயக்குநீர் போடுவது இன்றும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. இதை ஒரு இழப்பாகக் கருத வேண்டியதில்லை. காய்ச்சல்மானியின் பாதரசத்தை இறக்கினால் காய்ச்சல் இறங்காது. ஐஜிஎஃப்-1 பெரும்பாலும் மானியின் இடத்தில் இருக்கிறது என்ற ஐயத்தை இந்த ஆய்வுகள் வலுப்படுத்தின.

ஜவ்வரிசியும் முட்டையும்

சிறுநீரக நோயாளிக்கான உணவின் வரலாற்றில் ஒரு திருப்பம் உண்டு. சேலத்தையும் நாமக்கல்லையும் அருகருகே வைத்தால் அது நன்றாக விளங்கும்.

டயாலிசிஸ் பரவாத 1960களில், புரதத்தைக் குறைத்தால் யூரியா குறையும், வாந்தியும் மயக்கமும் தணியும் என்ற அடிப்படையில் இத்தாலியில் ஜியோர்தானோ, ஜியோவனெட்டி ஆகியோர் கடுமையான உணவுமுறையை வகுத்தனர். நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதமே அனுமதி. அந்தச் சிறு அளவும் முட்டை, பால் போன்ற உயர்தரப் புரதமாக இருக்கவேண்டும். மீதிக் கலோரிக்குப் புரதமற்ற மாவுப்பொருள். நம் ஊரில் அந்த இடத்துக்குப் பொருந்திய பண்டம் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் தொழில் பிறந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஜவ்வரிசி அநேகமாக முழுக்க மாவுச்சத்து; 100 கிராமில் அரை கிராம் புரதம்கூடத் தேறாது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

டயாலிசிஸ் தொடங்கிய நாளில் இந்த விதி தலைகீழாகிறது. இயந்திரம் யூரியாவை வெளியேற்றும்போது அமினோ அமிலங்களையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. ஒருமுறைக்கு 6 முதல் 12 கிராம் வரை போய்விடும். எனவே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். 300 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டால் கிடைப்பது 20 கிராம் அளவுதான். பருப்பும் பயறும் புரதம் தரும், ஆனால் பொட்டாசியத்தையும் பாஸ்பரசையும் கூடவே கொண்டுவரும். இவை இரண்டும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்தானவை. முதலாவது இதயத் துடிப்பைக் குலைக்கும்; இரண்டாவது எலும்பை அரித்து இரத்தக்குழாயில் சுண்ணாம்பைப் படியவைக்கும்.

முட்டையின் வெள்ளைக்கரு இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான விடை. ஒன்றில் ஏறத்தாழ மூன்றரை கிராம் உயர்தரப் புரதம் உண்டு. முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள்கருவில் இருக்கிறது. வெள்ளையில் மிகச் சொற்பம். நாமக்கல்லின் பண்ணைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தருகின்றன. கோழிப்பண்ணைத் தொழிலுக்குத் துணையாக அங்கு 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளின் சத்துணவில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று சேர்ந்த முட்டை, பிறகு படிப்படியாக வாரம் ஐந்தாக உயர்ந்தது. புரதப் பற்றாக்குறையில் பிட்யூட்டரி கத்தியும் கல்லீரல் கேளாத அந்த நிலைக்கு எதிராக, ஒரு மாநில அரசு எடுத்த மிக எளிய நடவடிக்கை அது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இயந்திரம் இலவசம், முட்டை அவரவர் பாடு.

பணம் மட்டுமே தடையும் அல்ல. 'பருப்பைக் குறை, கறி முட்டையை நிறுத்து' என்று நோயின் தொடக்கத்தில் மருத்துவர் சொன்னது குடும்பத்தில் வேதமாகிவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய பின்னும் வீட்டார் அதே பத்தியத்தைப் பாசத்தோடு தொடர்கின்றனர். புரட்டாசி பிறந்தால் நாமக்கல்லில் முட்டை விலை இறங்குவது ஆண்டுதோறும் வரும் செய்தி. முட்டை மலிவாகும் மாதத்தில்தான் பல வீடுகளில் அது அடுப்பேறுவதில்லை.

இயந்திரம் ஊருக்கு வந்தபின்

1986இல் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல். இடைப்பட்ட காலத்தில் பணம் என்ற தடையை இறக்கியவை காப்பீட்டுத் திட்டங்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2016இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்து மாவட்ட மருத்துவமனைகளில் மையங்களைக் குறிவைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வயிற்றுறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிசுக்கான திரவப் பைகளைத் தருவதையும் ஏற்றது. இந்த இரண்டாம் முறை தொலைவில் இருப்பவருக்குப் பேருதவி. ஆனால் அதிலும் நாள்தோறும் புரதம் கசிகிறது. முட்டையின் தேவை அங்கு இன்னும் கூடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் நோயாளி பெரும்பாலும் தாமதமாகவே வருகிறார். மூச்சுத்திணறலோடு அவசரமாக வருபவருக்குப் பிஸ்டுலா போட்டுக் காத்திருக்க நேரமில்லை. கழுத்துச் சிரையில் குழாய் செருகி அன்றே தொடங்குகின்றனர். அக்குழாய் கிருமிக்கு நல்ல வாசல். கிருமி வந்தால் காய்ச்சலும் அழற்சியும். அழற்சி வந்தால் பசி போகும், தசை கரையும், அல்புமினும் ஐஜிஎஃப்-1உம் சேர்ந்தே விழும். ஸ்டாக்ஹோம் ஆய்வின் குறியீடு இங்கே கழுத்துக்குழாயின் கதையாக மாறிவிடுகிறது. நோய் யாருக்கு வருகிறது என்பதும் மாறிவருகிறது. தமிழ்நாட்டின் பல வேளாண் மண்டலங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ போன்ற அறிந்த காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பு முதன்மையான ஐயமாக நிற்கிறது. காரணம் தெரியாத இந்நோயில் முகம் வீங்குவதோ வலியோ முன்கூட்டி வருவதில்லை என்பதால் தாமதம் மேலும் கூடும்.

ஐஜிஎஃப்-1 சோதனை இச்சமவெளியின் அரசு டயாலிசிஸ் வார்டில் அன்றாடம் செய்யப்படுவதன்று. அதற்குப் பதிலாக அங்கு எளிய அளவுகள் இருக்கின்றன. அவை சரியாகப் படிக்கப்பட வேண்டும். முதலாவது 'உலர் எடை'. டயாலிசிஸ் முடிந்து மிகை நீர் நீங்கிய நிலையில் இருக்கவேண்டிய எடை அது. தசை கரையும்போது அவ்விடத்தை நீர் நிரப்புவதால் தராசு மாதக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எடை இறங்கவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருக்க, ஒரு நாள் இரவு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மருத்துவர் அவ்வப்போது உலர் எடையை மறுபடி கணித்து இறக்க வேண்டும். சட்டை தளர்ந்திருக்கிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா, கைப்பிடி வலு குறைந்ததா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

இரண்டாவது கிரியாட்டினின். இந்தச் சொல்லை அறியாத சிறுநீரக நோயாளி இல்லை. அது ஏறினால் நோய் முற்றுகிறது என்று கற்றவர்கள், டயாலிசிஸ் தொடங்கிய பின் அது இறங்கினால் குணமாகிறது என்று மகிழ்கின்றனர். கிரியாட்டினின் தசையிலிருந்து பிறக்கும் பொருள். 1990இல் லோரியும் லூவும் கண்டபடி, டயாலிசிசுக்கு முன் எடுத்த இரத்தத்தில் அது குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தனர். அவர்களிடம் அதைப் பிறப்பிக்கத் தசை மிச்சம் இல்லை. ஒவ்வொரு மாதமும் சேலத்திலும் நாமக்கல்லிலும் நோயாளியின் கைக்கு வரும் சோதனைச் சீட்டில் அல்புமினும் கிரியாட்டினினும் பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருக்கின்றன.